நகர மறுத்த குட்டி வண்டியும் 10 ரூபாய் கப்பாசிட்டரும்

வணக்கம் நண்பர்களே. தண்டையார்பேட்டையில் மாணவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நான் மின்சுற்றுப் பயிற்சி நடத்துகிறேன். மாணவர்கள் தாமே செய்ய வேண்டிய இறுதியாண்டு புராஜெக்ட்டுகள் விலைக்கு விற்கப்படுவது எனக்கு அறவே பிடிக்காது. வியாசர்பாடியிலிருந்து வரும் மாணவி ஒருவரிடம், அறிக்கையும் சேர்த்து 8,000 ரூபாய்க்கு ஒரு புராஜெக்ட்டைத் தருவதாகப் பேரம் பேசியிருக்கிறார்கள். அவர் அதை வாங்காமல், தோழிகளோடு, தரையில் வரைந்த கோட்டைத் தானே பின்தொடர்ந்து ஓடும் லைன் ஃபாலோயர் வண்டி ஒன்றைத் தாமே செய்யத் தொடங்கினார்.

தூக்கிப் பிடித்தால் சக்கரங்கள் நன்றாகச் சுழன்றன. தரையில் வைத்ததும், வண்டியை இயக்கும் சிறு கணினிப் பலகையான ஆர்டுயினோ ரீசெட் ஆகி, மறுபடி தொடங்கி, மறுபடி ரீசெட் ஆனது. புரோகிராமைத் திருத்திக்கொண்டே இருந்தவர்களிடம் நான் விடையைச் சொல்லாமல், வோல்டேஜை அளக்கும், முள் வைத்த மல்டிமீட்டரை மட்டும் கொடுத்தேன். மோட்டார் கிளம்பும்போதெல்லாம் பேட்டரியின் வோல்டேஜ் சரிவதையும், அதனால்தான் ஆர்டுயினோ ரீசெட் ஆவதையும் அவர்களே கண்டுபிடித்தார்கள்.

சுழலாத மோட்டாரில் பேக் இ.எம்.எஃப். (சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் எதிர் வோல்டேஜ்) கிடையாது, ஆர்மச்சரின் (மோட்டாரின் சுழலும் கம்பிச் சுருளின்) சிறிய ரெசிஸ்டன்ஸ் ஒன்றுதான் கரண்ட்டைத் தடுக்கிறது, ஆகவேதான் தொடக்கத்தில் அவ்வளவு கரண்ட் பாய்கிறது என்று அந்த மாணவி தோழிகளுக்கு விளக்கியபோது எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை. பெரிய டி.சி. மோட்டார்களைத் தொடக்கத்தில் கரண்ட்டைக் கட்டுப்படுத்திக் கிளப்ப உதவும் த்ரீ பாயின்ட் ஸ்டார்ட்டரைத் தேர்வுக்காக மனப்பாடமாக வரைந்தவர், அதில் ரெசிஸ்டன்ஸ் படிப்படியாக விலக்கப்படுவது ஏன் என்று அன்றுதான் புத்தகத்தைத் தாமே புரட்டிப் பார்த்தார்.

மின்சாரத்தைச் சிறிது சேமித்து வைத்து, வோல்டேஜ் சரியும்போது கொடுத்து உதவும் 1000 மைக்ரோஃபாரட் கப்பாசிட்டர் ஒன்றை சப்ளைக்குக் குறுக்கே சேர்த்தார்கள். விலை 10 ரூபாய்! 8,000 ரூபாய் கொடுத்திருந்தால் கிடைக்காத கேள்வி, இந்த 10 ரூபாய்ப் பொருளைத் தேடும் வழியில் கிடைத்தது என்பதை நான் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். ஆயினும் அதன் பிறகும் சில நேரங்களில் ரீசெட் ஆனதால், ஆர்டுயினோவுக்குத் தனி பேட்டரி வைத்தோம். இங்கே ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று: இரண்டு பேட்டரிகளின் கிரவுண்டையும் (நெகடிவ் முனையையும்) ஓர் ஒயரால் இணைத்த பின்னரே, ஆர்டுயினோவின் கட்டளைப்படி மோட்டாருக்கு கரண்ட் தரும் மோட்டார் டிரைவருக்கு சிக்னல் சரியாகப் போனது. இதைச் செய்து பார்க்கப் போகிறவர்கள் அந்த ஒயரை மறந்துவிடாதீர்கள்.

பிறகு பேச்சு, 1955 முதல் பெரம்பூரில் இயங்கிவரும் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்.பின் பக்கம் திரும்பியது. அங்கே உருவாகும் வந்தே பாரத் ரயிலின் மூன்று ஃபேஸ் மோட்டார்கள் கிளம்பும்போது, அவற்றுக்குச் செல்லும் வோல்டேஜையும் ஃபிரீக்வன்சியையும், டி.சி.யை ஏ.சி.யாக மாற்றித் தரும் இன்வெர்ட்டர் குறைவாகத் தொடங்கிச் சிறிது சிறிதாக உயர்த்துகிறது என்றேன். உடனே அவர்கள், குட்டி வண்டியையும் அப்படி மெதுவாகக் கிளப்ப முடியாதா என்று கேட்டார்கள். பி.டபிள்யூ.எம். (மின்சாரத்தை வேகமாக விட்டுவிட்டுத் தரும் முறை) மூலம் வேகத்தைப் படிப்படியாக ஏற்றும் புரோகிராமை இப்போது எழுதி வருகிறார்கள். அடுத்த காணொளியில் தனி பேட்டரியைக் கழற்றிவிட்டு அதைச் சோதிப்போம்.