ஓசூர் சங்கும் ஒரு கண்ணாடிக் குழாயும்

நடுவர் அவர்களே, தர்மபுரிப் பெரியோர்களே, வணக்கம். ஆஸ்பத்திரியில வேலை பார்த்துக்கிட்டே மேல்படிப்பு படிக்கிற பி.ஜி. டாக்டர்களுக்கு ஏத்தது விடிய விடிய நீளும் தொடர் டூட்டியா, முறை வெச்ச நைட் ஷிஃப்டா? நாங்க ஷிஃப்ட் கட்சி.

எதிரணி அண்ணன் பத்து நிமிஷம் பேசினாரு. கைத்தட்டு வாங்கினது ஒரே வரிக்கு. "சங்கு ஊதினா டிபன் பாக்ஸைத் தூக்கிட்டு ஓட, டாக்டர் என்ன ஓசூர் கம்பெனி ஆளா?"ன்னாரு. அண்ணே, அங்க ஷிஃப்ட் மாறுறதைப் பார்த்திருக்கீங்களா? மாத்த வேண்டிய ஆள் வராம மெஷினை விட்டு எவனும் நகர மாட்டான். எந்த டூல் தேஞ்சிருக்கு, எந்த பீஸ் அளவு தப்புது, எல்லாம் புக்குல எழுதி, வந்தவன்கிட்ட வாயாலயும் சொல்லிட்டுத்தான் கை கழுவுவான். இரும்புக்கே அந்த மரியாதை!

மெஷின் வேற, மனுஷன் வேறம்பீங்க. சரி, மனுஷனுக்கே வருவோம். பென்னாகரம் பக்கம் ராத்திரி தண்ணி கட்டப் போனவரைக் கண்ணாடிவிரியன் கடிச்சிருச்சுன்னு வைங்க. பன்னெண்டு மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வர்றாரு. டாக்டர் 2 மில்லி ரத்தம் எடுத்து, சுத்தமான, காஞ்ச கண்ணாடிக் குழாய்ல விடணும். பிளாஸ்டிக் ஆகாது. சோப்புத்தூள் போட்டுக் கழுவின குழாயும் ஆகாது, நல்ல ரத்தமே உறையாம ஏமாத்திரும். 20 நிமிஷம் அசைக்காம வெச்சு, ஒரே ஒரு தடவை சாய்க்கணும். தண்ணியா ஓடினா விஷம் ரத்தத்தைக் கெடுத்திருச்சுன்னு அர்த்தம். உடனே 10 குப்பி விஷமுறிவு மருந்து ஏத்தணும். ஏறும்போதே உடம்பு தடிச்சு மூச்சு இழுத்தா, அது அலர்ஜி, மருந்தை நிறுத்திட்டு தொடையில அட்ரினலின் ஊசி 0.5 மில்லி. 6 மணி நேரம் கழிச்சு மறுபடியும் குழாய், மறுபடியும் 20 நிமிஷம்.

இப்ப அண்ணன் கட்சி டாக்டரைப் பாருங்க. நேத்துக் காலையில 8 மணிக்கு வந்தவரு. ரெண்டாவது டெஸ்ட் விடிகாலை ஆறரைக்கு. 22 மணி நேரம் தாண்டிருச்சு. கண்ணு சொக்குது. தூக்கம் வர்றவனுக்கு 20 நிமிஷம் எவ்வளவு நீளம்! எட்டாவது நிமிஷமே குழாயைச் சாய்க்கிறாரு. ஓடுது. நிமித்துறாரு. திரும்பச் சாய்க்கிறாரு. குழாய் சாயுதா, டாக்டர் சாயுறாரான்னு பக்கத்து பெட்காரருக்கே சந்தேகம்! உறைய நேரமே குடுக்காம, உறையலைன்னு முடிவு கட்டி, தேவையில்லாம இன்னொரு சுத்து மருந்து.

17 மணி நேரம் முழிச்சிருக்கிறவன் நிதானம், ரத்தத்துல 0.05 சதவீதம் சாராயம் இருக்கிறவன் நிதானம்தான்னு 1997லயே நேச்சர்ங்கிற அறிவியல் இதழ்ல அளந்து போட்டுட்டாங்க. நம்ம தொப்பூர்ல ஊதச் சொன்னா 0.03 தாண்டினாலே கேஸு!

கை மாறும்போது தகவல் தவறும்னு அண்ணன் சொன்னது நிஜம். ஒத்துக்கிறேன். அதுக்குத்தான் ராத்திரி எட்டு மணிக்கு அரை மணி நேரம் ரெண்டு பேரும் சேந்து நிக்கணும்கிறோம். யாருக்கு ஆபத்து, என்ன நடந்திருக்கு, எத்தனை மணிக்கு எந்த டெஸ்ட், மோசமானா என்ன செய்யணும். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லணும். அமெரிக்காவுல 9 ஆஸ்பத்திரியில குழந்தைகள் வார்டுல இப்படி ஒப்படைச்சப்ப தவறுகள் 23 சதவீதம் குறைஞ்சதுன்னு 2014ல வெளியிட்டாங்க. அங்க புது டாக்டர்களுக்கு இருந்த 16 மணி நேர வரம்பை 2017ல எடுத்தாங்களேன்னும் கேட்டாரு. எடுத்தாங்க. 24 மணி நேரம், ஒப்படைக்க மேல 4, அதுக்கு மேல கூடாதுன்னும் எழுதினாங்களே, அதை ஏண்ணே முழுங்கினீங்க? நம்ம மத்திய அரசே தொடர் டூட்டி சாதாரணமா 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாதுன்னு 1992ல எழுதி வெச்சிருக்கு. எழுத்து ஃபைல்ல தூங்குது, டாக்டர்தான் தூங்கல.

அந்த டாக்டர் ஒரு பொண்ணுன்னு நினைச்சுக்கோங்க. இருபத்தாறு வயசு. ராத்திரி பூரா நின்னுட்டு, காலையில பத்து மணிக்கு ஸ்கூட்டி சாவியை எடுக்குறா. இப்படி நீண்ட டூட்டி முடிச்சு வீடு போற புது டாக்டர்களுக்கு வண்டி மோதுற வாய்ப்பு ரெண்டு மடங்குக்கு மேலன்னு 2005ல ஒரு ஆய்வு சொல்லுது. பாலக்கோடு மார்க்கெட்ல தக்காளிக் கூடையை இறக்கி வெச்சிட்டு அவங்கம்மா போன் போடுறாங்க. எடுக்கல. தூங்குறாளா, வண்டியில இருக்காளா? முந்தானையில கையைத் துடைச்சிட்டு மறுபடியும் போடுறாங்க.

நடுவர் மணி அடிச்சிட்டாரு. சங்கு ஊதியாச்சு, அண்ணே. அடுத்த ஆள் மேடைக்கு வரட்டும், மைக்கை அவர் கையில குடுத்துட்டுத்தான் நகருவேன்.