குமரிக்கு எதற்குத் தனியாக ஒரு வானொலி?

எல்லாருக்கும் வணக்கம். கொடுத்திருக்கும் நேரம் கொஞ்சம்தான், அதனால் நேராக விஷயத்துக்கு வந்துவிடுகிறேன். இந்தியாவின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் எது என்று வெளியூரில் கேட்டுப் பாருங்கள், பெரிய நகரமாகத்தான் யோசிப்பார்கள். நம் நாகர்கோவில்தான் அது. 1984 அக்டோபர் 30. மறுநாள் காலையே டெல்லியில் இந்திரா காந்தி சுடப்பட்டார், அப்புறம் நாடு முழுக்க வானொலியைத் திருப்பினால் சோக இசைதான். முந்தின நாள் தென்கோடியில் ஒரு நிலையம் தொடங்கியதை யார் கவனித்திருக்கப்போகிறார்கள்?

அதற்கு முன்னால் நமக்கு வானொலியே இல்லை என்று நினைக்க வேண்டாம். திருநெல்வேலி நிலையம் 1963-லேயே வந்துவிட்டது, மேற்கே திருவனந்தபுரம், கடலுக்கு அந்தப் பக்கம் இலங்கை. பாட்டுக்குப் பஞ்சமே கிடையாது. ஆனால் உழவர்களுக்கு ஒரு யோசனை என்று வானொலியில் ஒருவர் குறுவை, சம்பா, தாளடி என்று ஆரம்பித்தால் நம் ஆள் என்ன செய்வார்? இங்கே நெல் போகம் கன்னிப்பூவும் கும்பப்பூவும்தானே! ஜூன் மாதம் சென்னையில் வெயில் மண்டையைப் பிளக்கும்போது நாம் குடையைத் தேடிக்கொண்டிருப்போம், தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டுமே நனைத்துவிட்டுப் போகிற மாவட்டம் இது. பேச்சிப்பாறை அணையில் எத்தனை அடி தண்ணீர் என்பது தோவாளையில் வயல் வைத்திருப்பவருக்கு அந்த வருஷத்துச் சோறு. தஞ்சாவூர்க்காரருக்கு அது சும்மா ஒரு எண். மழை விடாமல் பெய்தால் ரப்பர் மரத்தில் பால் வெட்ட முடியாது, இதைப் பற்றி மாநிலம் முழுக்க யாருக்குக் கவலை? 1,672 சதுர கிலோமீட்டர்தான் மாவட்டம். மலை, வயல், கடல் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கிறது. தனி வானொலிக்கு இதைவிடப் பொருத்தமான ஊர் இல்லை என்பது என் கட்சி. (உள்ளூர்ப் பெருமை என்று சிரிப்பீர்கள், சிரித்துக்கொள்ளுங்கள்.)

வில்லுப்பாட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கோயில் கொடைத் திருவிழாவில் விடிய விடிய நடக்கிற கதை, சாமியாடி வந்தால் நிற்கும், மறுபடி தொடரும். அதை அரைமணி நேர வானொலிப் பதிவுக்குள் அடக்குவது லேசுப்பட்ட காரியமில்லை, புலவர் ஒரு கண்ணைக் கடிகாரத்தில் வைத்துக்கொண்டே பாட வேண்டும். ஏதோ கொஞ்சம் போகத்தான் செய்யும். ஆனாலும் கொடைக்கு வராதவர் வீட்டுக்குள்ளும் அந்தக் குரல் போய்ச் சேர்ந்ததே, அது பெரிய விஷயம்.

இன்றைக்குத் திரும்பின பக்கமெல்லாம் பண்பலை இருக்கிறது, சரி. ஆனால் தனியார் பண்பலைகள் சொந்தமாகச் செய்தி தயாரித்து வாசிக்க நம் நாட்டில் அனுமதி இல்லை, ஆகாசவாணியின் செய்தியை வேண்டுமானால் அப்படியே அஞ்சல் (மறு ஒலிபரப்பு) செய்யலாம். ஆகவே ஆகாசவாணியைச் சேர்ந்த, நாகர்கோவில் கோணம் பகுதியில் இருக்கிற நம் நிலையம் 101 மெகாஹெர்ட்ஸில் பாட்டு மட்டும் போட்டுக்கொண்டிருந்தால், அல்லது வெளியூர் நிகழ்ச்சியை அஞ்சல் செய்துகொண்டிருந்தால், அதைத் தட்டிக்கேட்கிற உரிமை நமக்கு உண்டு.

ஒரு குறையையும் மறைக்கக் கூடாது. பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில்தான் போகும், மலையும் மறைக்கும், தூரமும் மறைக்கும். நம் கடற்கரை ஊர்களான தூத்தூர், வள்ளவிளை ஆட்கள் வாரக்கணக்கில் ஆழ்கடலில் தங்கி மீன்பிடிப்பவர்கள். 2017 நவம்பர் கடைசியில் ஒக்கி புயல் வந்தபோது அத்தனை தூரத்தில் இருந்த படகுகளுக்கு எந்தப் பண்பலை நிலையத்தாலும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. உள்ளூர் வானொலியின் ஊர் கரையோடு முடிந்துவிடுகிறது, மீனவருக்கு அப்படி முடிவதில்லை. அதற்கு வேறு கருவிதான் வேண்டும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். அந்தக் காலத்தில் ஸ்பூல் டேப்பை ஒலிபரப்பு முடிந்ததும் அழித்துவிட்டு மேலேயே வேறு நிகழ்ச்சியைப் பதிவது வானொலியில் வழக்கம். அப்படிப் போனது எவ்வளவோ. உங்களில் யாராவது வீட்டு டேப்ரெக்கார்டரில் நம் நிலையத்து வில்லுப்பாட்டையோ நாடகத்தையோ பிடித்து வைத்திருந்தால், பூஞ்சை பிடித்த கேசட்டானாலும் பரவாயில்லை, தூக்கிப் போடாமல் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து சொல்லுங்கள்.