கிணறு இருக்கிறவர் பேச்சு

நடுவர் அய்யா அவர்களுக்கும், திருப்பூர்ப் பெருமக்களுக்கும் வணக்கமுங்க.

வல்லரசுகளுக்கு நடுவே ஒரு சிறிய ஜனநாயகம் நிலைப்பது நாவன்மையாலா, மாற்று வழிகளாலா? மாற்று வழிகளால்தான் என்பது எங்கள் அணி. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தோழி மங்கோலியாவை எடுத்துக்காட்டினார். ரஷ்யாவுக்கும் சீனாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட சுமார் 35 லட்சம் பேர், 1990-ல் போராடி ஜனநாயகம் கண்டவர்கள், ‘மூன்றாவது அண்டை நாடு’ என்ற கொள்கையால் அமெரிக்கா, ஜப்பான், இந்தியா எல்லாரையும் உறவாக்கிக்கொண்டார்கள் என்றார். நல்ல கொள்கைதானுங்க. நானும் அதே நாட்டையே எடுத்துக்கறேன்.

2016 நவம்பரில், சீனாவுக்குப் பிடிக்காத திபெத்திய பௌத்தத் தலைவர் தலாய் லாமா மங்கோலியத் தலைநகர் உலான்பாத்தர் வந்தார். சீனா கடன் பேச்சுவார்த்தையைத் தள்ளிப்போட்டது. எல்லையில் கனிமம் ஏற்றி வரும் லாரிகளுக்குக் கூடுதல் கட்டணம் போட்டது. டிசம்பரிலேயே, இந்த அரசு இருக்கும்வரை அவர் வரமாட்டார் என்று மங்கோலிய வெளியுறவு அமைச்சர் சொல்ல வேண்டியதாயிற்று. பேசத் தெரியாமலா போச்சு? ஏற்றுமதியில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கு ஒரே நாட்டுக்குப் போகுதுங்க. சரக்கு வாங்குகிற ஒரே பையரை நம்பிப் பனியன் தைக்கிற கம்பெனியில், அந்தப் பையர் ரேட்டைக் குறைக்கச் சொன்னால் என்ன நடக்கும் என்று இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

கீழ்பவானி வாய்க்காலின் கடைமடையில் பாருங்க. மேல்மடையில் தண்ணியை மறித்தால், கிணறு இல்லாதவர் கெஞ்சுவார், கிணறு இருக்கிறவர் நியாயம் கேட்பார். இரண்டு பேருக்கும் இருக்கிறது அதே நாக்குதானுங்க.

வழி என்றால் வெறும் ரோடு என்று நினைச்சுடக் கூடாது. மங்கோலிய ரயில் பாதையின் அகலம் 1520 மில்லிமீட்டர், ரஷ்ய அளவு. சீனாவில் 1435. வித்தியாசம் 85 மில்லிமீட்டர், நாலு விரல் அகலத்தைவிடக் கொஞ்சம் கூட. இதற்காக எல்லையில் பயணிகள் பெட்டியை ஜாக்கி வைத்துத் தூக்கி, அடியில் இருக்கும் சக்கரத் தொகுதியை உருட்டி எடுத்து, வேறு தொகுதியை மாட்டுகிறார்கள். மணிக்கணக்கில் ஆகும். தெற்கே தவான் தோல்கோய் சுரங்கத்து நிலக்கரியைச் சீன எல்லைக்குக் கொண்டுபோகப் புதுப்பாதை போடும்போது எந்த அகலம் என்பதே அங்கே பெரிய அரசியல் சண்டை. 2010-ல் நாடாளுமன்றம் ரஷ்ய அளவு என்றது, 2014-ல் எல்லைக்குப் போகும் பாதைக்குச் சீன அளவு என்று மாற்றியது, கடைசியில் ரஷ்ய அளவிலேயே போட்டு 2022 செப்டம்பரில் 233 கிலோமீட்டரைத் திறந்தார்கள். ஆனால் எல்லையைத் தாண்டி இணைக்க ஒப்பந்தம் ஆனது 2025 பிப்ரவரியில்தான். இணைப்பு இல்லாததால், ரயிலில் வந்த கரி எல்லையில் நின்று லாரி மாறியது. நம்ம பக்கம் பாதை போட்டால் போதாதுங்க, அந்தப் பக்கமும் கதவு திறக்கணும்.

வடக்கே திரும்பினால் மத்தளத்தின் மறுபக்கம். 2024 செப்டம்பரில் புதின் வந்தார். அவர்மேல் சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தின் பிடியாணை இருக்கிறது, மங்கோலியா அந்த நீதிமன்றத்தின் உறுப்பு நாடு. கைது செய்யவில்லை. அரசு சொன்ன காரணம், எங்கள் பெட்ரோலியப் பொருள்களில் 95 சதவீதம் அண்டை நாடுகளிலிருந்து வருகிறது என்பது. ஜனவரியில் அங்கே குளிர் பூஜ்யத்துக்குக் கீழே 30 டிகிரி. அந்தக் குளிரில் டீசல் நின்றால் என்ன ஆகும் என்று பயந்தவர்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

கிணறு வெட்டவும் ஆரம்பித்தார்கள். 2015-ல் இந்தியா 100 கோடி டாலர் கடனுதவி அறிவித்தது. அதில்தான் சைன்ஷாந்த் நகரத்துப் பக்கம் ஆண்டுக்கு 15 லட்சம் டன் சொந்தக் கச்சா எண்ணெயைச் சுத்திகரிக்கும் ஆலை எழும்புகிறது. அந்தக் கையெழுத்தை வாங்கித் தந்தது நாவன்மைதானே என்று தோழி கேட்பார். ஆமாங்க, ஒத்துக்கறேன். ஆனால் கையெழுத்தால் லாரி ஓடாது. ஒன்பது வருஷம் கழித்துப் புதின் வந்து இறங்கியபோதும் அந்த ஆலையிலிருந்து ஒரு லிட்டர் டீசல் வரவில்லை. அது ஓடியிருந்தால் அன்றைக்கு உலான்பாத்தர் வேறு பதில் சொல்லியிருக்க முடியுமா என்பதை மட்டும் நடுவர் அய்யா யோசிச்சுத் தீர்ப்புச் சொல்லுங்க.