நாரிஸ்டவுன் கடைக்காரர்

பெரியோர்களே, நண்பர்களே, வணக்கம்.

1887 மார்ச் 14, விடியற்காலை. அமெரிக்காவில் பென்சில்வேனியா மாநிலத்து நாரிஸ்டவுன். ஆறு வாரத்துக்கு முன் அங்கே கடை போட்டிருந்த ஏ. ஜே. பிரவுன் பதறி எழுந்து, வீட்டுக்காரர்களைக் கூப்பிட்டு, "நான் எங்கே இருக்கிறேன்?" என்கிறார். மிட்டாயும் பழமும் காகிதச் சாமானும் விற்றுக்கொண்டிருந்த அமைதியான மனிதர். இப்போது சொல்கிறார்: "என் பெயர் ஆன்செல் போர்ன். எனக்குக் கடை வியாபாரமே தெரியாது. நேற்றுத்தானே பிராவிடன்ஸ் வங்கியில் பணம் எடுத்தேன்!"

அந்த 'நேற்று', ஜனவரி 17. பிராவிடன்ஸ் நகரம் இருக்கும் ரோட் ஐலண்ட் மாநிலத்தைச் சேர்ந்த அறுபது வயதுப் பிரசங்கியார் அவர். 551 டாலர் எடுத்ததும், குதிரை டிராமில் ஏறியதும்தான் நினைவில் இருந்தன. இடையில் இரண்டு மாதம் காணோம். உடம்பும் ஒன்பது கிலோவுக்கு மேல் இளைத்திருந்தது.

வீட்டாருக்கு அவர் பைத்தியமாகத்தான் பட்டார். வந்த மருத்துவரும் அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் பிராவிடன்ஸுக்குத் தந்தி போயிற்று. உறவினர் வந்து அழைத்துப்போனார். அந்தத் தந்தியை நான் மிகப் பெரிதாக மதிக்கிறேன். நம்பமுடியாத பேச்சைக் கேட்டும், ஒருமுறை விசாரித்துப் பார்ப்போம் என்று யாருக்கோ தோன்றியிருக்கிறதே!

தான் யார் என்பதையே மறந்து இப்படி ஊரைவிட்டுப் போய்விடுவதை மருத்துவர்கள் 'ஃப்யூக்' என்கிறார்கள். தப்பி ஓடுதல் என்ற பொருளுள்ள லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. மனம் தாங்கமுடியாத நெருக்கடியில் வரும் மறதியின் ஒரு வகையாக இன்று இதை வைத்திருக்கிறார்கள். வலிப்பு, தலையில் அடி, போதை எதுவும் காரணமில்லை என்று முதலில் பார்த்தாக வேண்டும். முதுமையில் வரும் மறதிநோய் வேறு. அதில் பழகிய வேலையே கைவிட்டுப் போகும். பிரவுனோ சரக்கு வாங்கினார், சில்லறை எண்ணிக் கொடுத்தார். தான் யார் என்ற கதை மட்டும்தான் அவரிடம் இல்லை. இப்படிப்பட்டவரை "நடிக்கிறான்" என்று வீட்டிலேயே சொல்லும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை.

1890இல் உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் போர்னை அறிதுயிலில் (ஹிப்னாடிசத்தில்) ஆழ்த்தினார். அந்த மயக்கத்தில், பிரவுனாகவே அவர் பேசத் தொடங்கினார். போர்னின் மனைவியை எதிரே நிறுத்தினார்கள். இந்த அம்மாளைப் பார்த்ததே இல்லை என்றார். ஏன் ஊரைவிட்டு வந்தீர்கள் என்பதற்கு, அங்கே தொல்லை இருந்தது, ஓய்வு வேண்டும் என்பதற்குமேல் காரணம் வரவில்லை. இரண்டு நினைவையும் ஒன்றாக்க ஜேம்ஸ் முயன்றார், முடியவில்லை. கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டு, குரல் தளர்ந்து, பிரவுனாக இருந்த அந்த மனிதர் சொன்னார்: இரண்டு பக்கமும் அடைத்துக் கிடக்கிறது, டிராமில் என்னை ஏற்றியது எது என்று தெரியவில்லை, அந்தக் கடை என்ன ஆயிற்று என்றும் தெரியவில்லை.