மிதக்கும் லேத் பட்டறை: ‘வெஸ்டல்’ கப்பலோட கதை

(காட்சி: கொழிஞ்சாம்பாறை. லேத் ஓடுற சத்தம். சுருள் சுருளா இரும்புச் சீவல் விழுது.)

இந்தச் சத்தம் கேக்குதுங்களா? எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி இருக்கிற பட்டறை இது. போன சித்திரையில எங்க தென்னந்தோப்பு மோட்டார் ஷாஃப்ட் முறிஞ்சு போச்சு. வாங்கின கடையில கேட்டா, புதுசு வர பத்து நாளாகும்னுட்டாங்க. பத்து நாள் தண்ணி இல்லேன்னா குரும்பை அத்தனையும் கொட்டிரும். பட்டறை அண்ணன் முறிஞ்ச துண்டு ரெண்டையும் சேத்து வச்சு வெர்னியர்ல அளவெடுத்தார். பொழுது சாயறதுக்குள்ள புதுசா ஒண்ணு கடைஞ்சு கையில குடுத்துட்டார். இன்னிக்கும் ஓடுது.

இந்தப் பட்டறையை அப்படியே தூக்கி ஒரு கப்பல்ல வைங்க. கூடவே நம்ம கோயம்புத்தூர்ல இருக்கிற மாதிரி ஒரு பவுண்டரி, ஒரு தச்சுப் பட்டறை, பாய்லர் வேலை தெரிஞ்சவங்க, எலக்ட்ரீசியன், தண்ணிக்கடியில இறங்கி வேலை பாக்கிறவங்க. இதுதான் கடற்படையோட ரிப்பேர் கப்பல். வால்வு ஒடஞ்சு ஸ்பேர் இல்லையா? மரத்துல அச்சு செஞ்சு, மண்ணுல பதிச்சு, உலோகத்தைக் காய்ச்சி ஊத்தி, லேத்துல கடைஞ்சு குடுத்துருவாங்க.

(காட்சி: பழைய கறுப்பு வெள்ளைப் படம்.)

இது அமெரிக்கக் கடற்படையோட ‘வெஸ்டல்’. 1908-ல கடல்ல இறக்கினப்போ இது வெறும் நிலக்கரி சுமக்கிற கப்பல். 1913-ல ரிப்பேர் கப்பலா மாத்தினாங்க. 1941 டிசம்பர்ல ஹவாய்த் தீவு பேர்ல் துறைமுகத்துல, ‘அரிசோனா’ங்கிற பெரிய போர்க்கப்பலோட விலாவை ஒட்டிக் கட்டிக் கிடந்துச்சு. சும்மா இல்ல, வேலை பாக்கத்தான் அங்க போய் நின்னுச்சு.

7-ம் தேதி காலையில ஜப்பான் விமானங்கள் வந்துச்சு. வெஸ்டல் மேல ரெண்டு குண்டு. அதுல ஒண்ணு தச்சுப் பட்டறை வழியா இறங்கி அடிவரைக்கும் பொத்துக்கிட்டுப் போயிருச்சு. அடுத்து அரிசோனாவோட வெடிமருந்து அறை வெடிச்சுது. அந்தக் கப்பல்ல மட்டும் 1,177 பேர் செத்தாங்க. வெடிச்ச வேகத்துல வெஸ்டல் மேல்தளத்துல நின்ன ஆளுங்க கடல்ல போய் விழுந்தாங்க, கேப்டன் காசின் யங்கும் சேத்துத்தான். கப்பலை விட்டுட்டுப் போங்கன்னு யாரோ உத்தரவு போட்டுட்டாங்க. எண்ணெய் மிதக்கிற தண்ணியில நீந்தி வந்து ஏறின கேப்டன், இறங்கிட்டிருந்தவங்களை அப்படியே திரும்பக் கூப்பிட்டார்.

இன்னொரு ஆளை இங்க சொல்லியே ஆகணும். வெஸ்டல் மாலுமி ஜோ ஜார்ஜ். அரிசோனாவோட கட்டியிருந்த கயிறுகளை வெட்டி விடச் சொல்லி அவருக்கு உத்தரவு. அந்தப் பக்கம் உசரத்துல ஆறு பேர், உடம்பெல்லாம் வெந்து நிக்கிறாங்க. ஜார்ஜ் முதல்ல ஒரு கயித்தை அவங்களுக்கு வீசினார். தோல் உரிஞ்ச கையால அதைப் பிடிச்சு, ஒருத்தர் பின்னால ஒருத்தரா, தீ எரியற தண்ணிக்கு மேல தொங்கிக்கிட்டே ஆறு பேரும் வெஸ்டலுக்கு வந்து சேந்தாங்க. இதுக்கு அவர் பேர்ல பதக்கம் வந்தது 2017-ல. மனுசன் செத்தது 1996-ல. கொஞ்சம் சீக்கிரம் யோசிச்சிருக்கலாம்!

மூழ்காம இருக்க வெஸ்டலைக் கொண்டுபோய்க் கரையோரத் திட்டுல ஏத்தினாங்க. துறைமுகத்துல பெரிய கப்பல்களுக்கே ஆள் பத்தல. அதனால தன்னோட காயத்துக்குத் தானே தையல் போட்டுக்கிட்டு, 1942 ஆகஸ்ட்ல தென் பசிபிக்குக்குக் கிளம்பிருச்சு.

அங்கதான் எனக்கு ரொம்பப் பிடிச்ச சங்கதி. அக்டோபர் 26, சாந்தா குரூஸ் தீவுங்க பக்கம் ஜப்பானோட சண்டை. விமானம் தாங்கிக் கப்பல் ‘ஹார்னெட்’ மூழ்கிருச்சு. ‘எண்டர்பிரைஸ்’ அடிபட்டு, வெஸ்டல் நின்ன நியூ கலிடோனியாத் தீவு நூமியாத் துறைமுகத்துக்கு வந்து சேந்துச்சு. பசிபிக்ல அமெரிக்காவுக்கு அப்போ சண்டைக்கு அனுப்பற நிலையில மிச்சம் இருந்த ஒரே விமானம் தாங்கிக் கப்பல் அதுதான். வெஸ்டல் ஆளுங்களும் கட்டுமானப் படைக்காரங்களும் ராப்பகலா வெல்டிங் வச்சாங்க. நவம்பர் 11-ல வேலை முடியாமலே சண்டைக்குக் கிளம்பணும்னு ஆயிருச்சு. ரிப்பேர்காரங்க இறங்கல. சுத்தியலும் கையுமா அதே கப்பல்ல போனாங்க.

முன்பக்க லிஃப்ட், அதாவது விமானத்தை ஏத்தி இறக்கிறது, மேல வந்து இறுகி நின்னுருச்சு. இறக்கிப் பாக்க யாருக்கும் தைரியம் வரல. இறங்கி ஏறாமப் போச்சுன்னா ஓடுதளத்துல ஒரு பெரிய பள்ளம்தானே மிஞ்சும்? நோண்டாம அப்படியே விட்டுட்டாங்க. இதைச் சொன்னப்போ பட்டறை அண்ணன் லேத்தையே நிறுத்திட்டுச் சிரிச்சார். “அவன்தான் தம்பி மெக்கானிக்!”

அப்புறம் வெஸ்டலுக்கு தென் பசிபிக்ல எஸ்பிரித்து சாந்தோ தீவுல ஒரு வருசம் நங்கூரம். அந்த ஒரு வருசத்துல மட்டும் 279 கப்பல், 5,603 வேலை. காசின் யங் வேற கப்பலுக்குப் போய், 1942 நவம்பர் 13 ராத்திரி குவாடல்கனால் சண்டையில செத்துட்டார். வெஸ்டலை 1950-ல பழைய இரும்பா வித்துட்டாங்க.

(காட்சி: மறுபடியும் பட்டறை.)

அண்ணன் கையைத் துடைச்சுக்கிட்டே ஒண்ணே ஒண்ணுதான் கேட்டார்.

“ஐயாயிரத்து அறுநூத்து மூணுன்னு மூணு வரைக்கும் கணக்கு வச்சிருக்கானே, யாரு தம்பி அந்த நோட்டை எழுதினது? எனக்கு நேத்து வேலையே ஞாபகம் இல்ல.”