மறதிநோய் இல்லத்தை மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள்

வணக்கம். இன்றைய காணொளியில் நான் மட்டும்தான் பேசப்போகிறேன். மறதிநோய் (டிமென்ஷியா) உள்ளவர்களைப் பராமரிக்கும் ஓர் இல்லத்தைப் போய்ப் பார்த்துவந்தேன்; அதன் உட்புறக் காட்சிகள் எதையும் இதில் சேர்க்கவில்லை. அங்கே வாழ்பவர்களில் பலர், தங்களைப் படம்பிடிக்கலாமா என்று கேட்டால் யோசித்து விடை சொல்லும் நிலையைக் கடந்துவிட்டவர்கள். வேறொருவர் தந்த அனுமதியை வைத்துக்கொண்டு அவர்களுடைய முகங்களைக் காட்ட எனக்கு மனம் ஒப்பவில்லை.

என் அம்மாவுக்கு, மறதிநோய் வகைகளில் ஒன்றான அல்சைமர் நோய் இருப்பது உறுதியாகி 4 ஆண்டுகள் ஆகின்றன. இதுவரை வீட்டிலேயே பார்த்துக்கொண்டோம். அவர் நள்ளிரவில் எழுந்து வாசற்கதவைத் திறக்கத் தொடங்கிய பிறகு, எங்களில் யாராவது ஒருவர் விடிய விடிய விழித்திருந்தாக வேண்டும் என்றாகிவிட்டது. அதன் பிறகுதான் இல்லங்களைத் தேட ஆரம்பித்தேன். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021ஆம் ஆண்டில் 5.7 கோடிப் பேருக்கு மறதிநோய் இருந்தது. இதே தேடலில் இறங்கியிருக்கும் குடும்பங்கள் ஏராளமாக இருக்கும் என்பதால்தான், 12 பேர் மட்டுமே தங்கக்கூடிய ஒரு சிறிய இல்லத்தை நான் எப்படி எடைபோட்டேன் என்பதைச் சொல்ல விரும்புகிறேன்.

சிறிய இல்லம் என்பதே எனக்குப் பெரிய ஈர்ப்பாக இருந்தது. அது வெறும் ஆசையன்று. அமெரிக்காவில் மருத்துவர் பில் தாமஸின் சிந்தனையில் உருவான 'கிரீன் ஹவுஸ்' என்ற முதியோர் பராமரிப்பு இல்லங்கள் 2003இல் டுபெலோ நகரில் முதன்முதலாகத் திறக்கப்பட்டபோது, ஒரு வீட்டுக்குச் சுமார் 10 பேர் என்றுதான் வைத்தார்கள். நெதர்லாந்தில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் என்ற மறதிநோயாளர் குடியிருப்பிலும் ஒரு வீட்டில் ஆறேழு பேர்தான் சேர்ந்து வாழ்கிறார்கள். புதிய முகங்களை நினைவில் நிறுத்த இயலாத ஒருவருக்கு, நாள்தோறும் அதே நான்கைந்து முகங்கள் கண்ணில் படுவது மிகப் பெரிய ஆறுதல். ஆனால் சிறிய இல்லத்தின் பலம் எங்கே இருக்கிறதோ, அதன் பலவீனமும் அங்கேதான் இருக்கிறது. பணியாளர்கள் சிலரே என்பதால், ஒருவர் வராமல் போனால் பாதி இல்லமே ஆளின்றி நிற்கும்.

முதல்முறை சொல்லிவிட்டுக் காலை 11 மணிக்குப் போனேன். அறைகள் தூய்மையாக இருந்தன, வெளிச்சம் நன்றாக இருந்தது, மேலாளர் பொறுமையாகப் பேசினார். அந்த நேரத்தில் எந்த இல்லமும் நன்றாகத்தான் இருக்கும் என்பது இப்போது எனக்குப் புரிகிறது. இரண்டாம் முறை சொல்லாமல் மாலை 6 மணிக்குப் போனேன். மறதிநோய் உள்ளவர்கள் பலருக்குப் பொழுது சாயும் வேளையில்தான் பதற்றமும் குழப்பமும் கூடும். பணியாளர்கள் ஒருவரையொருவர் மாற்றிக்கொள்ளும் நேரமும், இரவு உணவு நேரமும் பெரும்பாலும் அதையொட்டியே வரும். உங்கள் பெற்றோரைச் சேர்க்க நினைக்கும் இல்லத்தை ஒரே ஒருமுறைதான் பார்க்க முடியும் என்றால், அந்த நேரத்தில் போய்ப் பாருங்கள்.

அன்று ஒரு மூதாட்டி கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பூட்டிய கதவின் முன் நின்றிருந்தார். பள்ளிக்கு நேரமாகிவிட்டது, பிள்ளைகள் காத்திருப்பார்கள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அங்கிருந்த இளம் பணியாளர், 'நீங்கள் ஓய்வு பெற்று எத்தனையோ வருடங்கள் ஆகிவிட்டன' என்று திருத்தவில்லை; கதவை விட்டு இழுக்கவும் இல்லை. பக்கத்தில் போய், அவருடைய கண்மட்டத்துக்குக் குனிந்து, 'இன்றைக்கு என்ன பாடம், டீச்சர்?' என்று கேட்டார். கணக்குப் பாடம் என்று விடை வந்தது. இருவரும் பேசிக்கொண்டே நடைவழியில் இரண்டு சுற்று நடந்தார்கள். பத்து நிமிடங்களில் அந்த மூதாட்டி பையை மடியில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேசையில் அமர்ந்திருந்தார். என் அம்மாவிடம் இப்படி நடந்துகொள்ள எனக்கே பல மாதங்கள் பிடித்தன.

ஆனால் அந்தப் பத்து நிமிடங்களில் கூடத்தில் வேறு யாரும் இல்லை. பணியிலிருந்த மற்றொருவர் குளியலறையில் ஒருவருக்கு உடை மாற்றிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் இருந்த ஒரு முதியவர், பிரேக் போடாத நிலையிலேயே கையை ஊன்றி எழ முயன்றார். நான் ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். அந்த இளம் பணியாளரின் பரிவும் உண்மை, அந்தக் கூடத்தின் வெறுமையும் உண்மை. ஒன்றைக் கண்டு மற்றொன்றை மறந்துவிடக் கூடாது.

ஆகவே, 'உங்களிடம் மொத்தம் எத்தனை பணியாளர்கள்?' என்று கேட்காதீர்கள். இரவு 2 மணிக்கு எத்தனை பேர் விழித்திருப்பார்கள் என்று கேளுங்கள். இங்கே இரவில் ஒருவர்தான். கீழே விழுந்த ஒருவரைப் பாதுகாப்பாகத் தூக்கப் பெரும்பாலும் இருவர் தேவைப்படும். அந்த ஒருவரும் விழுந்தவரோடு இருந்தால், மீதமுள்ள 11 பேரை யார் பார்ப்பது?

அடுத்து, உதவியுடன் வாழும் பிரிவும் மறதிநோய்ப் பிரிவும் ஒரே கூரையின்கீழ் இருந்தால், இரண்டுக்கும் கதவுப் பூட்டைத் தவிர வேறென்ன வேறுபாடு என்று கேட்டாக வேண்டும். குளிக்கவும் உடுத்தவும் மாத்திரை எடுத்துக்கொள்ளவும் துணை செய்வது முதல் பிரிவின் வேலை. மறதிநோய்ப் பிரிவுக்கு அதற்குமேல், அந்த நோயைப் பற்றிய பயிற்சியும் இடைவிடாத கவனிப்பும் வேண்டும். அவை இல்லாத இடத்தில் கூடுதல் கட்டணம் என்பது பூட்டுக்குக் கொடுக்கும் வாடகைதான்.

மருந்தைப் பற்றியும் கூச்சப்படாமல் கேளுங்கள். பதற்றத்தை அடக்கத் தரப்படும் ஆன்டிசைக்கோட்டிக் (மனநோய்க்கான) மருந்துகளில் புதிய வகையைச் சேர்ந்தவை, மறதிநோயுள்ள முதியவர்களிடம் மரண அபாயத்தைக் கூட்டுகின்றன என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2005இல் கடுமையான எச்சரிக்கை விடுத்தது. 2008இல் பழைய வகை மருந்துகளுக்கும் அதை விரிவாக்கியது. அவை சில வேளைகளில் தேவைப்படலாம். ஆனால் ஒருவர் திடீரென்று கூச்சலிடத் தொடங்கினால், சிறுநீர்த் தொற்றா, வலியா, மலச்சிக்கலா என்று முதலில் பார்க்கிறார்களா, அல்லது நேராக மாத்திரைக்குப் போகிறார்களா என்பதில்தான் இல்லத்தின் தரம் தெரியும். இந்த இல்லத்தின் செவிலியர் நான் கேட்கும் முன்பே சிறுநீர்ப் பரிசோதனையைப் பற்றிச் சொன்னார். அது எனக்கு நம்பிக்கை தந்தது.

கட்டடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வாசலில் கறுப்பு மிதியடி கிடந்தது. அதைப் பள்ளமென்று எண்ணி மிதிக்க அஞ்சுவோர் உண்டு. தட்டுகள் எல்லாம் வெள்ளை. பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2004இல் வெளியிட்ட ஒரு சிறிய ஆய்வில், வெள்ளைத் தட்டு, கோப்பைகளுக்குப் பதிலாக அடர் சிவப்பு நிறத்தவற்றைக் கொடுத்தபோது, முற்றிய அல்சைமர் நோயாளிகள் கூடுதலாக உண்டார்கள், கூடுதலாகக் குடித்தார்கள். இரண்டையும் மேலாளரிடம் சொன்னேன், குறித்துக்கொண்டார்.

ஒப்பந்தத்தில் நான் நின்று படித்த இடம், எந்த நிலையில் அம்மாவை வெளியேறச் சொல்வார்கள் என்ற பகுதி. 'பராமரிக்க இயலாத நிலை ஏற்படின்' என்று மட்டும் எழுதியிருந்தது. நடக்க முடியாமல் போனாலா, விழுங்க முடியாமல் போனாலா, யாரையாவது அடித்துவிட்டாலா, கடைசி நாட்கள் வந்தாலா என்று ஒவ்வொன்றாகக் கேட்டு, விடைகளை எழுத்தில் வாங்கினேன். இந்த நோய் முற்றத்தான் செய்யும். அந்த வேளையில் பழகிய முகங்களை விட்டு அம்மாவைப் பிரிப்பதாக இருந்தால், சிறிய இல்லத்தைத் தேடியதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

கடைசியாக, இரவில் யாராவது விழுந்தால் உதவிக்கு வரும் இரண்டாமவர் அருகிலேயே வசிக்கிறார் என்று மேலாளர் சொன்னார். கடந்தமுறை எத்தனை மணிக்கு வந்தார் என்று கேட்டேன். அவர் பதிவேட்டைத் திறந்து, பெயரைக் கையால் மறைத்துக்கொண்டு, அந்த வரியைக் காட்டினார்: விழுந்தது 2.40, வந்து சேர்ந்தது 3.05. ஒரு மனிதர் தரையில் கிடந்த 25 நிமிடங்கள் அவை. மேலாளர் அதை மறைக்கவில்லை, காரணமும் சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து இரவில் இருவரை வைக்கத் திட்டமிட்டிருப்பதாகச் சொன்னார். அந்தப் பணிப் பட்டியலில் இரண்டாவது பெயரை என் கண்ணால் பார்த்த பிறகு, அம்மாவை முதலில் இரண்டு வாரங்கள் மட்டும் அங்கே தங்கவைப்பதாக முடிவு செய்திருக்கிறேன். அந்த இரண்டு வாரமும் நான் மாலை 6 மணிக்குத்தான் போவேன்.