கூரைக்கடியில் பிள்ளைகள் கால்பந்து: லீக் நடத்துவோருக்கு

வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்ட நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

கோடை விடுமுறை விட்டதும் நம்ம பக்கத்தில் பிள்ளைகளைப் பகல் நேரத்தில் வெட்டவெளி மைதானத்துக்கு அனுப்ப முடியாது. கத்திரி வெயிலில் வேலூர் தரை எப்படிக் கொதிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் பள்ளி உள்ளரங்கம், தகரக் கூரை போட்ட ஷெட், வலை கட்டிய டர்ஃப் என்று கிடைத்த இடத்தில் பிள்ளைகளுக்குக் கால்பந்து லீக் நடத்துகிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் பல இடங்களில் பதினொரு பேர் ஆடும் ஆட்டத்தின் விதியையே சுருக்கி வைத்துக்கொண்டு ஆரம்பித்துவிடுகிறார்கள். முதல் மேட்சிலேயே தகராறு வருகிறது. பந்து வெளியே போனால் கையால் எறிவதா, காலால் உதைப்பதா? ஆஃப்சைடு உண்டா? வலையில் பட்டு வந்த பந்து உள்ளேயா, வெளியேயா? விசில் ஊதிய பிறகு இதையெல்லாம் பேசினால் பெற்றோர் ஒரு பக்கம், பயிற்சியாளர் ஒரு பக்கம் என்று நிற்பார்கள். நடுவில் பிள்ளைகள்தான் தவிக்கும்.

உள்ளரங்கக் கால்பந்து இரண்டு வகை. ஒன்று, சுற்றிலும் சுவர் வைத்து, சுவரில் பட்டுத் திரும்பும் பந்தைத் தொடர்ந்து ஆடுவது. அமெரிக்காவில் இது பரவலாக உண்டு. இன்னொன்று ஃபுட்சால். இதற்குச் சுவர் கிடையாது, கோடுதான் எல்லை. 1930-இல் உருகுவே நாட்டின் மாண்டிவிடியோ நகரில், ஒய்.எம்.சி.ஏ.வில் ஆசிரியராக இருந்த ஹுவான் கார்லோஸ் செரியானி இதை வடிவமைத்தார். கூடைப்பந்திலிருந்து ஐந்து பேர் கணக்கை எடுத்தார், ஹேண்ட்பால் கோலின் அளவையும் எடுத்தார். பிள்ளைகளுக்கு நான் பரிந்துரைப்பது ஃபுட்சால்தான். சுவர் ஆட்டத்தில் சுவரோடு சேர்த்து நெருக்கித் தள்ளுவது தானாக வந்துவிடும். பத்து வயதுப் பிள்ளையின் தோளும் மணிக்கட்டும் அதைத் தாங்காது.

இடத்திலிருந்து தொடங்குவோம். சர்வதேசப் போட்டி அல்லாத ஆட்டத்துக்கு ஃபுட்சால் களம் 25 முதல் 42 மீட்டர் நீளம், 16 முதல் 25 மீட்டர் அகலம். நம்ம பள்ளிகளில் கிடைப்பது பெரும்பாலும் கூடைப்பந்துக் களம். அது 28 மீட்டருக்கு 15 மீட்டர், அகலத்தில் ஒரு மீட்டர் குறைகிறது. பன்னிரண்டு வயதுக்குட்பட்டோருக்கு அது போதும், ஆனால் ஒரு பக்கத்துக்கு நான்கு பேராகக் குறைத்துக்கொள்ளுங்கள். கோல் மூன்று மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் உயரம். பெனால்ட்டி எல்லை ஆறு மீட்டர் என்பது விதி. 28 மீட்டர் களத்தில் இரண்டு பக்கமும் ஆறு ஆறு போட்டால் நடுவில் 16 மீட்டர்தான் மிஞ்சும். அதனால் சின்னக் களத்தில் ஐந்து மீட்டராக வரையலாம்.

கோல் போஸ்ட் பற்றிக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்கிறேன். நகர்த்தக்கூடிய கோல் முன்பக்கம் கனமாக இருக்கும். ஒரு பிள்ளை மேல் கம்பியைப் பிடித்துத் தொங்கினால் அப்படியே கவிழ்ந்துவிடும். பல நாடுகளில் இதனால் உயிரே போயிருக்கிறது. பின்பக்கச் சட்டத்தின் மேல் இரண்டு பக்கமும் மணல் மூட்டை வையுங்கள், அல்லது சுவரோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். பிறகு ஒரு பெரியவர் மேல் கம்பியைப் பிடித்து முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். அசைந்தால் மேட்ச் ஆரம்பிக்கக் கூடாது. கோட்டுக்கும் சுவருக்கும் நடுவே ஒன்றரை மீட்டராவது இடைவெளி வேண்டும். இடையில் தூண் இருந்தால் தலை உயரம் வரை ஃபோம் ஷீட்டோ பழைய மெத்தையோ சுற்றுங்கள்.

பந்து. வழக்கமான கால்பந்தை உள்ளே ஆடினால் ஆட்டம் கெட்டுவிடும், ஏனென்றால் அது எகிறும். ஃபுட்சால் பந்து நான்காம் எண். சுற்றளவு 62 முதல் 64 சென்டிமீட்டர், எடை 400 முதல் 440 கிராம். வாங்கும்போது ஒரு சோதனை செய்யுங்கள். சுவரில் தரையிலிருந்து இரண்டு மீட்டரில் ஒரு சாக்பீஸ் கோடு, 50 சென்டிமீட்டரில் ஒன்று, 65-இல் ஒன்று. மேல் கோட்டிலிருந்து பந்தை விட்டால், முதல் துள்ளல் கீழே உள்ள இரண்டு கோடுகளுக்கு நடுவில் நிற்க வேண்டும். 65-ஐத் தாண்டினால் காற்று அதிகம், அல்லது அது ஃபுட்சால் பந்தே இல்லை. வெயிலில் கிடந்த பந்துக்குக் காற்றழுத்தம் ஏறும். அதனால் இந்தச் சோதனையை மேட்ச் நடக்கும் நேரத்திலேயே செய்து பாருங்கள். பத்து வயதுக்குட்பட்டோருக்கு மூன்றாம் எண் பந்து கொடுங்கள்.

ஷூ விஷயம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோலும் ஷூவும் தயாராகிற பகுதியில் இருக்கிறோம்; சோல் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. மரத்தரைக்கும் சிமெண்ட் தரைக்கும் தட்டையான, தரையில் கறை விடாத ரப்பர் சோல். குமிழ் வைத்த ஸ்டட் ஷூ கூடவே கூடாது, சிமெண்டில் அது வழுக்கும். முழங்காலுக்குக் கீழே ஷின் கார்டு கட்டாயம், அதன்மேல் காலுறை மூட வேண்டும். நகை எதுவும் கூடாது; கம்மலின் மேல் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டு ஆடுவதையும் விதி ஏற்காது. காப்பு, கொலுசு, தாயத்து எல்லாம் கழற்ற வேண்டும். தாயத்தைக் கழற்ற வீட்டில் தயங்குவார்கள், அதைக் குறை சொல்ல முடியாது. ஆகவே மேட்ச் அன்று கோட்டருகே நின்று வாதாடாமல், பெயர் பதியும் நாளிலேயே பெற்றோரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி ஆட்ட விதி. ஆஃப்சைடு இல்லை. பக்கக் கோட்டைத் தாண்டினால் கிக்-இன்: பந்தைக் கோட்டின் மேல் அசையாமல் வைத்து உதைக்க வேண்டும், எதிரணியினர் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். கிக்-இன்னிலிருந்து நேரடியாகக் கோல் கிடையாது. பந்து கூரையில் பட்டால், கடைசியாகத் தொட்ட அணிக்கு எதிராக, கூரையில் பட்ட இடத்துக்கு நேராகப் பக்கக் கோட்டிலிருந்து கிக்-இன். டர்ஃபில் மேலே வலை இருந்தால் அதையும் கூரையாகவே கொள்ளுங்கள். பக்கத்து வலை கோட்டை ஒட்டியே இருக்கிற இடங்களில், வலையில் பட்டால் பந்து வெளியே என்று எழுதிவையுங்கள். இல்லாவிட்டால் பிள்ளைகள் வலையை இன்னொரு ஆட்டக்காரராக வைத்து ஆடத் தொடங்கிவிடுவார்கள்.

நான்கு விநாடி விதிதான் இந்த ஆட்டத்தின் வேகம். கிக்-இன், கார்னர், ப்ரீ கிக், கோலி (கோல்கீப்பர்) கையிலிருந்து எறிவது எல்லாவற்றுக்கும் நான்கு விநாடி. நடுவர் கையை உயர்த்தி, விரல்களைக் காட்டி எண்ண வேண்டும். மனசுக்குள் எண்ணிவிட்டு விசில் ஊதினால் பிள்ளைக்கு எதற்கென்றே புரியாது. கிக்-இன்னில் நேரம் தாண்டினால் பந்து எதிரணிக்கு. பத்து வயதுக்குட்பட்டோருக்கு முதல் இரண்டு வாரம் ஆறு விநாடி கொடுத்து, பிறகு நான்குக்கு வரலாம்.

கோலி தன் பாதியில் பந்தைக் கையிலோ காலிலோ நான்கு விநாடிக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஒரு முறை பந்தைக் கொடுத்துவிட்டால், எதிரணி தொடும் வரை தன் பாதியில் தன் அணிக்காரரிடமிருந்து வேண்டுமென்றே வரும் பந்தைத் திரும்ப வாங்கக் கூடாது. மீறினால் மறைமுக ப்ரீ கிக், அதாவது வேறொருவர் தொட்ட பிறகுதான் கோல். பயிற்சியாளர்களே அதிகம் மறக்கிற விதி இது. இன்னொன்றை லீக்கின் சொந்த விதியாகச் சேர்க்கச் சொல்வேன்: கோலி எறியும் பந்து நடுக்கோட்டைத் தாண்டும் முன் தரையிலோ ஓர் ஆட்டக்காரர் மீதோ பட வேண்டும். இல்லாவிட்டால் கை பலமுள்ள ஒரு கோலியும் உயரமான ஒரு பிள்ளையும் மட்டும் ஆடுவார்கள், மற்ற மூன்று பேர் வேடிக்கை பார்ப்பார்கள். அந்த எறிபந்தைத் தலையால் முட்டுவதும் இதோடு குறையும்.

அடுத்து, சேரும் பவுல். தள்ளுவது, இடறிவிடுவது போல நேரடி ப்ரீ கிக்குக்கு உரிய ஒவ்வொரு பவுலும் அந்த அணியின் கணக்கில் ஏறும். ஒரு பாதியில் ஐந்து வரை, பவுல் செய்த அணி சுவர் போல் வரிசை கட்டி நின்று தடுக்கலாம். ஆறாவதிலிருந்து தடுப்பு கிடையாது. கோலிலிருந்து பத்து மீட்டர் தள்ளியுள்ள இரண்டாவது பெனால்ட்டி புள்ளியிலிருந்து கோலியோடு நேருக்கு நேர் உதை. பவுல் அதைவிட அருகில் நடந்திருந்தால் அந்த இடத்திலிருந்தே அடிக்கலாம். இடைவேளையில் கணக்கு பூஜ்ஜியத்துக்குத் திரும்பும்.

இங்கேதான் உள்ளூர் லீக்குகள் தடுமாறுகின்றன. முழு விதிப்படி ஒரு பாதி இருபது நிமிடம், பந்து நின்றால் கடிகாரமும் நிற்கும். நிஜத்தில் அது அரை மணிக்கு மேல் போகும். நாம் டர்ஃபை மணிக் கணக்கில் வாடகைக்கு எடுக்கிறோம், கடிகாரத்தை நிறுத்துவதில்லை. இரண்டு பாதியும் 12 நிமிடம், இடைவேளை மூன்று, அணி மாற மூன்று என்று வைத்தால் ஒரு மேட்ச் முப்பது நிமிடம், ஒரு மணிக்கு இரண்டு மேட்ச். சரியான கணக்கு. ஆனால் ஆட்டத்தை இவ்வளவு குறைத்துவிட்டுப் பவுல் வரம்பை மட்டும் ஐந்திலேயே வைத்தால், எந்த அணியும் ஆறைத் தொடாது. பவுல் செய்தால் விலை இல்லை என்று பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். 12 நிமிடப் பாதிக்கு வரம்பு மூன்று, நான்காவதிலிருந்து தடுப்பில்லா உதை என்று வையுங்கள். சின்னக் களத்தில் புள்ளியைப் பத்துக்குப் பதில் எட்டு மீட்டரில் போடலாம். ஸ்கோர் மேசையில் ஒவ்வொரு அணிக்கும் எண் அட்டை வைத்து, பவுல் விழும்போதெல்லாம் எல்லோருக்கும் தெரிய மாற்றுங்கள்.

சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பதற்குப் பிள்ளைகள் லீக்கில் முழுத் தடை போடுங்கள். சிமெண்டில் தொடையும் முழங்கையும் தோலுரியும் என்பது ஒரு பக்கம். நின்றிருக்கும் பிள்ளையின் கணுக்கால்தான் பெரிய கவலை. தலையில் அடிபட்டு மயங்கினாலோ, குழப்பமாகப் பேசினாலோ, வாந்தி எடுத்தாலோ, அந்தப் பிள்ளைக்கு அன்றைய ஆட்டம் முடிந்தது. உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும். பயிற்சியாளர் எவ்வளவு கேட்டாலும் திரும்ப இறக்கக் கூடாது.

ஆள் மாற்றத்துக்கு எண்ணிக்கை வரம்பு இல்லை, ஆட்டம் ஓடும்போதே மாற்றலாம். பெஞ்சில் இருப்பவர்கள் வேறு நிறத்தில் பிப் (சட்டைமேல் போடும் கையில்லா மேலாடை) அணிந்திருப்பார்கள். வெளியே வருபவர் தன் பெஞ்சுக்கு முன்னால் உள்ள ஐந்து மீட்டர் பகுதி வழியாக வர வேண்டும். உள்ளே போகிறவர் தன் பிப்பை அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் கோட்டைத் தாண்ட வேண்டும். பிப் கை மாறவில்லை என்றால் மாற்றம் நடக்கவில்லை. ஆறு பேர் களத்தில் நிற்கிற குழப்பம் இதிலேயே தீரும். அணியில் பத்துப் பிள்ளைகள் என்றால், 24 நிமிட ஆட்டத்தில் ஆளுக்கு 12 நிமிடம் வரும். மூன்று நிமிடத்துக்கு ஒரு முறை மாற்றினால் கணக்கு எளிது. ஒவ்வொருவரும் குறைந்தது எட்டு நிமிடம் ஆட வேண்டும் என்று விதியே போடுங்கள். பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கும் பிள்ளை அடுத்த ஆண்டு வராது.

சிவப்பு அட்டை வாங்கிய பிள்ளை திரும்ப வர முடியாது. இரண்டு நிமிடம் ஆள் குறைவாக ஆடிய பிறகு வேறொருவர் இறங்கலாம். அதற்குள் ஆள் அதிகமுள்ள எதிரணி கோல் போட்டாலும் இறங்கலாம்.

வயதுக்குப் பிறப்புச் சான்றிதழ் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். ஜனவரி 1 போல ஒரே ஒரு தேதியைக் கணக்குக்கு வையுங்கள். வெற்றிக்கு மூன்று புள்ளி, சமனுக்கு ஒன்று. புள்ளி சமமானால், அந்த இரு அணிகளும் மோதிய மேட்சின் முடிவை முதலில் பாருங்கள். கோல் வித்தியாசத்தை முதலில் வைத்தால், பலவீனமான அணிமேல் பதினைந்து கோல் போடத் தூண்டிய மாதிரி ஆகும்.

கடைசியாக, கரண்ட் போனால் என்ன செய்வது என்றும் உங்கள் லீக்கின் விதித் தாளில் இருக்கட்டும். விளக்கு அணைந்ததும் நடுவர் விசில் ஊதி, பிள்ளைகளை அந்தந்த இடத்திலேயே உட்காரச் சொல்ல வேண்டும்; இருட்டில் ஓடித்தான் மோதிக்கொள்வார்கள். நேரத்தையும் ஸ்கோரையும் பவுல் கணக்கையும் உடனே குறித்துக்கொள்ளுங்கள். பத்து நிமிடத்தில் விளக்கு வந்தால் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். வரவில்லை என்றால், இரண்டாம் பாதி தொடங்கியிருந்தால் இருக்கும் ஸ்கோரே முடிவு, தொடங்காவிட்டால் வேறொரு நாள் முழு மேட்ச். வணக்கம்.